ஷார்ப்னெஸ் எவ்வளவு கூட்டலாம்? பஞ்சுருட்டான் படத்தில் வந்த வெள்ளைக் கோடு

#1 கரிசல்மண்

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு காலை எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் எடுத்த பச்சைப் பஞ்சுருட்டான் படத்தைப் பறவைகள் பகுதியில் போட்டிருந்தேன். மின்கம்பியில் உட்கார்ந்து அலகில் தட்டானைக் கவ்வியிருக்கும் படம். நாலைந்து பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் மட்டும் "ஷார்ப்னெஸ் அதிகம், வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு" என்று எழுதினார். படித்ததும் கோபம்தான் வந்தது. ராத்திரி மறுபடி திறந்து 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

பஞ்சுருட்டானின் வால் நடுவில் ஊசி போல இறகு நீண்டிருக்கும் இல்லையா, அதன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு இழுத்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மின்கம்பிக்கும் அதே கதி. பின்னால் வானம் வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் மணல் தூவிய மாதிரி பொரிப்பொரியாக இருக்கிறது. தட்டானின் இறக்கை மட்டும் அருமையாக வந்திருக்கிறது, நரம்பு நரம்பாகத் தெரிகிறது. அந்த இறக்கைக்காகத்தான் ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டே போனேன்.

விவரம்: 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 70-300 லென்ஸ், 300 மிமீ, எஃப்/6.3, 1/1000 நொடி, ஐஎஸ்ஓ 800. ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தருவது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் அமவுண்ட் 110, ரேடியஸ் 1.8, டீடெய்ல் 60, மாஸ்கிங் 0. எக்ஸ்போர்ட் செய்யும்போது நீளப் பக்கம் 2048 பிக்சல், அதிலும் ஸ்கிரீனுக்கு 'ஹை' ஷார்ப்பன் போட்டேன்.

எவ்வளவு போட்டால் சரி என்று ஒரு எண் சொன்னால் உதவியாக இருக்கும். இதே படத்தை 12 × 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு அப்பாவுக்குக் கொடுக்கவும் ஆசை.

#2 தூரிகை78

எண் சொல்வதற்கு முன்னால் அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒரு விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் கறுப்பான இறகு, வலது பக்கம் வானம். வரிசையாக ஏழு பிக்சல்களின் வெளிச்ச அளவு இப்படி இருக்கிறது என்று வைப்போம்:

60, 60, 60, 120, 180, 180, 180

ஷார்ப்பன் செய்யும் வழக்கமான முறையான அன்ஷார்ப் மாஸ்க் முதலில் இதை மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கும். ஒவ்வொரு பிக்சலையும் அதன் இரண்டு பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் நகல் இப்படி வரும்:

60, 60, 80, 120, 160, 180, 180

அசலிலிருந்து நகலைக் கழித்தால் மூன்றாவது இடத்தில் −20, ஐந்தாவது இடத்தில் +20, மற்றதெல்லாம் பூஜ்யம். இந்த வித்தியாசத்தை அசலோடு கூட்டுவதுதான் ஷார்ப்பன் செய்வது. 100 சதவீதம் கூட்டினால்:

60, 60, 40, 120, 200, 180, 180

விளிம்புக்கு இந்தப் பக்கம் இன்னும் கறுப்பு, அந்தப் பக்கம் இன்னும் வெளுப்பு. கண் இதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. 300 சதவீதம் கூட்டிப் பாருங்கள்:

60, 60, 0, 120, 240, 180, 180

அந்த 240தான் உங்கள் சாக்பீஸ் கோடு. ஹேலோ என்று சொல்வது இதைத்தான். கவனியுங்கள், நடுவில் இருக்கும் 120 அசையவே இல்லை. புதிதாக ஒரு விவரமும் படத்துக்குள் வரவில்லை, விளிம்பின் இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அமவுண்ட் என்பது எவ்வளவு தள்ளுவது, ரேடியஸ் என்பது எவ்வளவு அகலத்துக்குத் தள்ளுவது. ரேடியஸை 1.8 வைத்தால் கோடு தடிமனாகும், கண்ணுக்குத் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். பறவை இறகு மாதிரி நுணுக்கமான விஷயத்துக்கு ரேடியஸ் 0.8 தாண்ட வேண்டாம் என்பது என் அனுபவம். முதலில் அதைக் குறையுங்கள். அமவுண்டில் அப்புறம் கை வைக்கலாம்.

#3 இருட்டறை

தூரிகை சார் கணக்குப் போட்டுக் காட்டியதைத்தான் நாங்கள் ஃபிலிமில் கையால் செய்தோம். 'அன்ஷார்ப்' என்ற பெயரைப் பார்த்து, கூர்மையாக்கும் கருவிக்குக் கூர்மையில்லாதது என்று ஏன் பெயர் என்று பலர் கேட்பார்கள். அது டார்க்ரூமில் பிறந்த பெயர். நெகட்டிவை இன்னொரு ஃபிலிமோடு வைத்து வெளிச்சம் காட்டி, லேசான ஒரு பாசிட்டிவ் எடுப்போம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஷீட்டை வைத்துவிட்டால் அந்தப் பாசிட்டிவ் கொஞ்சம் மங்கலாக விழும். அந்த மங்கல் பாசிட்டிவ்தான் மாஸ்க். அப்புறம் அதையும் நெகட்டிவையும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக அடுக்கி பிரிண்ட் போட்டால் விளிம்புகள் எழுந்து நிற்கும்.

பிசகினால் போச்சு. அரை நாள் வேலை குப்பைக்குப் போகும். அதனால் எந்தப் படத்துக்கு மாஸ்க் தேவை என்று யோசித்து, தேவையானதற்கு மட்டும்தான் செய்வோம். இப்போது ஸ்லைடர் விரல் நுனியில் இருக்கிறது தம்பி, எல்லாப் படத்துக்கும் போகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. கை நோகாமல் கிடைப்பதால் கண்ணுக்கு அளவு தெரியாமல் போகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். ஷார்ப்பன் செய்து முடித்ததும் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஸ்லைடரைத் தள்ளத் தள்ளக் கண் அதற்குப் பழகிவிடும், ஐந்து நிமிடத்தில் 110ம் சாதாரணமாகத் தெரியும். திரும்பி வந்து பார்த்தால் உறுத்தும்.

#4 ஆல்பம்மதுரை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். 12 × 36 ஷீட்டில் மேட் ஃபினிஷ் போகும்போது, மானிட்டரில் அளவாகத் தெரியும் ஷார்ப்னெஸ் பேப்பரில் செத்துவிடுகிறது. மேட் பேப்பர் மை வாங்கும், விளிம்பு ஊறிப் பரவும். அதனால் பிரிண்டுக்குப் போகும் கோப்பு மானிட்டரில் பார்க்க ஒரு படி அதிகமாகத்தான் தெரிய வேண்டும். "திரையில் அழகாக இருக்கும் அளவுக்கு நிறுத்து" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் பிரிண்ட் சப்பென்று வரும்.

ஆனால் எங்கே அதிகம் போடுகிறோம் என்பது முக்கியம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தப் படம் முழுவதையும் ஒரே அளவில் ஷார்ப்பன் செய்து அனுப்பிவிட்டேன். பட்டுப்புடவை ஜரிகை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் கண்ணைப் பறித்தது. நான் அனுப்பிய லேபில் அவர்கள் பங்குக்கு ஆட்டோ கரெக்‌ஷனும் ஓடியிருக்கிறது, அதிலும் ஷார்ப்பன் உண்டு. ஆல்பம் வந்ததும் பிரித்துப் பார்த்தால் மணப்பெண்ணின் கன்னத்தில் ஒவ்வொரு துவாரமும் தெரிகிறது, மேலுதட்டுப் பூனைமுடி கறுப்பாக நிற்கிறது. அந்தப் பெண் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. என் செலவில் மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு விஷயம் விடாமல் செய்கிறேன். லேபுக்கு அனுப்பும்போது 'நோ கரெக்‌ஷன்' என்று எழுதிக் கொடுப்பேன். முகம் இருக்கும் படத்தில் கண், இமை, புருவம், உதடு, நகை, ஜரிகை, பூ, இதற்கெல்லாம் பிரஷ்ஷால் ஷார்ப்னெஸ் கொடுப்பேன். கன்னம், நெற்றி, கழுத்து பக்கம் போகவே மாட்டேன்.

#5 மன்னார்க்காற்று

வணக்கம். நான் மன்னாரில் இருந்து எழுதுகிறேன். இங்கே பூநாரைகள் வரும் காலத்தில் களப்புப் பக்கம் கமராவோடு அலைகிற ஆள்.

கரிசல்மண் அவர்களின் படத்தைத் தரவிறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டானின் இறக்கை நரம்பு தெரிகிறது என்றால் ஃபோகஸ் அங்கே விழுந்திருக்கிறது. பறவையின் கண் அதைவிடக் கொஞ்சம் பின்னால், சற்றே மங்கலாக இருக்கிறது. கண்ணைக் கூராக்க முயன்றுதான் ஸ்லைடர் 110 வரை போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஃபோகஸ் தவறின இடத்தை ஷார்ப்பன் செய்து மீட்க முடியாது. மீட்கப் பார்த்தால் ஏற்கெனவே கூராக இருக்கிற இடம்தான் முதலில் கெட்டுப்போகும்.

இன்னொன்று வெக்கை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீர்ப் பரப்புக்கும் உப்புத் தரைக்கும் மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். 500 மிமீ லென்ஸில் 200 மீட்டர் தள்ளி நிற்கிற பூநாரையின் கால் பாம்பு மாதிரி வளைந்து தெரியும். முதல் இரண்டு வருடம் லென்ஸில்தான் பழுது என்று நம்பி, அந்தப் படங்களை எல்லாம் ஷார்ப்பன் செய்து செய்து பாழாக்கினேன். அது காற்றின் வேலை. விடியற்காலையில் போவதும், பறவை தானாக நெருங்கி வரும்வரை அசையாமல் கிடப்பதும்தான் அதற்கு மருந்து.

#6 கரிசல்மண்

மன்னார் நண்பரே, நீங்கள் சொன்னது அப்படியே சரி. இறக்கைக்காக மட்டும் இல்லை, கண்ணுக்காகவும்தான் தள்ளினேன். ஃபோகஸ் புள்ளி நடுவில் இருந்தது, அது அலகின் நுனியில் போய் விழுந்திருக்கிறது.

ஆல்பம்மதுரை அண்ணே, அப்படியென்றால் திரைக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று என்று இரண்டு தடவை ஷார்ப்பன் செய்ய வேண்டுமா? ஒரே கோப்பை இரண்டுக்கும் அனுப்புவதுதான் தப்பா?

#7 கல்வெட்டு

ஆம், அதுதான் விஷயம். புரூஸ் ஃப்ரேசர் என்று டிஜிட்டல் படங்களைத் திருத்துவது பற்றி எழுதிய ஒருவர் இருந்தார், 2006ல் காலமாகிவிட்டார். ஷார்ப்பன் செய்வதை மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொன்னவர் அவர். லைட்ரூமில் டெவலப் பக்கம் ஒரு ஷார்ப்பன், பிரஷ்ஷில் ஒரு ஷார்ப்பன், எக்ஸ்போர்ட்டில் ஒரு ஷார்ப்பன் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று கட்டமும் அவர் வகுத்ததுதான்.

முதல் கட்டம் கேமரா தின்றதைத் திருப்பிக் கொடுப்பது. சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டும்தான் வாங்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த அமைப்பு அது: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மீதி இரண்டு நிறத்தை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கும். அந்த ஊகத்தில் விளிம்பு கொஞ்சம் மசமசக்கும். சில கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி வேறு வேண்டுமென்றே லேசாக மங்கலாக்கும், ஜரிகை மாதிரி நெருக்கமான கோடுகளில் அலையலையாக நிறம் வராமல் இருப்பதற்காக. ரா கோப்பு ஆரம்பத்தில் சோர்வாகத் தெரிவது இதனால்தான். லைட்ரூம் ராவுக்குத் தானாகவே அமவுண்ட் 40, ரேடியஸ் 1, டீடெய்ல் 25 என்று வைப்பதும் இதற்காகத்தான். நன்றாக ஃபோகஸ் ஆன படத்துக்கு அந்த 40ஐச் சுற்றியே பெரும்பாலும் போதும். கேமராவிலிருந்தே ஜேபெக்காக எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும், கேமரா ஏற்கெனவே உள்ளே ஷார்ப்பன் செய்துதான் கொடுக்கிறது.

இரண்டாவது, அண்ணன் மணப்பெண் படத்தில் சொன்ன பிரஷ் வேலை. மூன்றாவது, படம் போகும் இடத்துக்கு ஏற்றது. உங்கள் படம் 6000 பிக்சல் அகலம். அதை 2048 ஆக்கும்போது கிட்டத்தட்ட ஒன்பது பிக்சல் ஒன்றாகச் சுருங்குகிறது. நீங்கள் பெரிய படத்தில் பார்த்துப் பார்த்துக் கொடுத்த நுணுக்கமான கூர்மையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். அதனால் சுருக்கிய பிறகு கொஞ்சம் போட வேண்டும். லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் அதைத்தான் செய்கிறது. முன்கட்டம் ஒழுங்காக இருந்தால் ஸ்கிரீனுக்கு 'ஸ்டாண்டர்ட்' போதும். 18 அங்குலப் பிரிண்டுக்கு உங்கள் 6000 பிக்சலைப் பிரித்தால் அங்குலத்துக்கு 333 வருகிறது, தாராளம். அங்கே 'மேட்' தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

நான் அதிகம் எடுப்பது கல் சிற்பங்கள். மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை, காலை வெயில் நேராக வந்து விழும். வெயில் கொஞ்சம் சரிந்து பக்கவாட்டில் போகும் நேரத்தில் யானையின் காதோரம் நிழல் கோடு அற்புதமாக விழும். அந்த நிழல் கோட்டைத் தூக்கிக் காட்ட ஆசைப்பட்டு டீடெய்ல் ஸ்லைடரை 70க்குக் கொண்டு போனேன். யானை போய்விட்டது, கருங்கல்லின் பொரிதான் மிஞ்சியது. யானையின் வயிறு முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று. சிற்பி அத்தனை பாடுபட்டு வழவழப்பாக இழைத்துவிட்ட வளைவு அது. அதை நான் ஒரு ஸ்லைடரால் கொத்திவிட்டேன் என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதற்கு வழி மாஸ்கிங். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்துங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் ஷார்ப்னெஸ் விழும், கறுப்பில் விழாது. 0ல் எல்லாம் வெள்ளை. உங்கள் பஞ்சுருட்டானில் 70, 80 போகும்போது வானம் முழுக்கக் கறுத்து, இறகும் அலகும் கம்பியும் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். அங்கே நிறுத்துங்கள். வானத்துப் பொரி அதோடு அடங்கும்.

#8 பனங்காடு

நான் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், அதில் இந்த மாஸ்கிங் ஸ்லைடர் இல்லை. என்ன செய்வது?

அப்புறம் இன்னொரு கேள்வி. இப்போது ஏஐ ஷார்ப்பன் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆடிப்போன படத்தைக்கூட எழுப்பிக் கொடுக்கின்றன. கரிசல்மண் படத்தின் கண்ணை அதில் போட்டால் சரியாகிவிடாதா?

#9 தூரிகை78

ஜிம்ப்பில் லேயரை நகல் எடுத்து, மேல் லேயரில் அன்ஷார்ப் மாஸ்க் போட்டு, லேயர் மாஸ்க் சேர்த்து, வானத்தைக் கறுப்பு பிரஷ்ஷால் தடவிவிடுங்கள். அதே பலன். அங்கே ரேடியஸ் 3 என்று வந்து நிற்கும், இணையத்துக்குப் போகும் படத்துக்கு அது அதிகம். 1க்குக் கீழே இறக்குங்கள். திரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றினால் சின்னச் சின்ன வித்தியாசங்களை விட்டுவிடும், நாய்ஸ் என்கிற பொரி எழும்பாது. மேல் லேயரின் கலப்பு முறையை லூமினான்ஸ் என்று மாற்றினால் விளிம்பில் நிறக்கோடும் வராது.

ஏஐ பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். மங்கலான படத்திலிருந்து கூர்மையை மீட்பதற்கு நேர்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட்சன் 1972லும் லூசி 1974லும் தனித்தனியாகக் கொடுத்த முறை. மங்கல் எப்படி ஏற்பட்டது என்பது தெரிந்தால் அதைப் பின்னோக்கிப் பிரித்தெடுக்கும். 1990ல் ஹப்பிள் தொலைநோக்கியை மேலே அனுப்பிய பிறகுதான் அதன் கண்ணாடி தவறாக இழைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை, வந்த படங்களை இந்த மாதிரிக் கணக்குகளால்தான் தேற்றினார்கள். ராதெரபி போன்ற இலவச மென்பொருளில் இன்று நமக்கும் அதே ரிச்சர்ட்சன்-லூசி கிடைக்கிறது. ஒளி எங்கே சிதறியதோ அதைத் திரும்பச் சேர்க்கிற வேலை அது.

ஏஐ செய்வது பெரும்பாலும் வேறு. ஆயிரக்கணக்கான இறகுகளைப் பார்த்துப் பழகிய ஒன்று, இங்கே இறகு இப்படி இருக்கலாம் என்று வரைகிறது. நான் சோதித்துப் பார்த்தபோது ஒரு மீன்கொத்தியின் கன்னத்தில் இல்லாத இறகு வரிசை ஒன்று வந்தது. பார்க்க அழகு. ஆனால் அந்தக் காலையில் அந்தப் பறவையின் கன்னத்தில் அது இல்லை. போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு ரா கோப்பு கேட்பது வழக்கம், அங்கே மாட்டிக்கொள்வோம். போட்டியை விடுங்கள். பறவைப் படம் ஒரு பதிவு. எந்த இனம், வயது என்ன, இறகு உதிர்க்கும் பருவமா என்று பின்னால் ஒருவர் அதை வைத்துப் பார்ப்பார். அதில் நாம் இறகு வரையக் கூடாது.

#10 ஆல்பம்மதுரை

தூரிகை சார் கருத்து பறவைக்குச் சரி. கல்யாணத்தில் தாத்தா பாட்டி ஆசீர்வாதம் செய்யும் ஒரே படம் ஆடிப்போயிருந்தால் நான் ஏஐயில் போடுவேன், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் முகம் வேறு ஆள் மாதிரி மாறிவிட்டால் வீட்டாருக்குக் கொடுக்க மாட்டேன். மங்கலான தாத்தாவே போதும்.

கரிசல்மண் தம்பிக்கு ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி மறுபடி ஜேபெக் ஆக்கும். கூடுதலாக ஷார்ப்பன் செய்த விளிம்பைச் சுற்றி கொசு மொய்த்த மாதிரி அழுக்கு வரும். லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லை பென்டிரைவில் கொண்டு போங்கள்.

#11 கரிசல்மண்

எல்லோரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ரா கோப்பை முதலிலிருந்து மறுபடி செய்தேன்.

நாய்ஸை முதலில் லேசாகக் குறைத்தேன். அமவுண்ட் 45, ரேடியஸ் 0.8, டீடெய்ல் 30, மாஸ்கிங் 75. ஆல்ட் அழுத்திப் பார்த்தபோது கல்வெட்டு சார் சொன்னபடியே வானம் கறுத்தது. கண்ணுக்கு மட்டும் பிரஷ்ஷில் ஷார்ப்னெஸ் 20 கொடுத்தேன், அதற்கு மேல் போனால் கண்ணைச் சுற்றி இருக்கும் கறுப்புப் பட்டை செயற்கையாகத் தெரிகிறது. அப்படியே காபி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து 45ஐ 40 ஆக்கினேன்.

இணையத்துக்கு 2048ல் 'ஸ்டாண்டர்ட்'. பிரிண்டுக்குத் தனியாக 'மேட்' போட்டு ஒன்று எடுத்தேன். அது மானிட்டரில் கொஞ்சம் கரகரவென்று தெரிந்தது, பயமாக இருந்தது. முழுப் பிரிண்ட் போடுவதற்கு முன்னால் பறவையின் தலையும் வாலும் மட்டும் வருகிற மாதிரி ஒரு துண்டை வெட்டி, அதே அளவில் சின்னதாக ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டேன். 'நோ கரெக்‌ஷன்' என்று எழுதியும் கொடுத்தேன். பேப்பரில் அந்தக் கரகரப்பு இல்லை. வால் ஊசி தனியாக, மெலிதாக, கோடு எதுவும் இல்லாமல் வந்திருக்கிறது. அப்புறம்தான் 12 × 18 போட்டேன்.

கண் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன். அப்பா கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துத் தட்டானின் இறக்கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

#12 மன்னார்க்காற்று

நல்லது. பஞ்சுருட்டான் இரை பிடித்ததும் பெரும்பாலும் பழைய கம்பிக்கே திரும்பி வந்து உட்காரும். ஃபோகஸ் புள்ளியை முன்கூட்டியே கண் வரப்போகிற உயரத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போய்ப் பாருங்கள்.